உங்களுக்குத் தெரியுமா? குட்டி நாட்டின் கால்பந்து லீக்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய விருதுநகர் மாவட்டப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நாடு சிங்கப்பூர். ஆனாலும் 1996 முதல் அங்கே தொழில்முறைக் கால்பந்து லீக் நடக்கிறது!

● முதல் சாம்பியன், கேலாங் யுனைடெட்.

● வெளிநாட்டு அணிகளும் இதில் ஆடியதுண்டு. 2010இல் பிரெஞ்சு வீரர்களின் எத்துவால் அணியும், 2015இல் புருணையின் டிபிஎம்எம் அணியும் பட்டம் வென்றன. 2016இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா, அந்தப் பருவத்தின் நான்கு கோப்பைகளையும் அள்ளியது.

● ‘எஸ்.லீக்’ என்ற பழைய பெயர், 2018இல் ‘சிங்கப்பூர் பிரீமியர் லீக்’ என மாறியது.

● இந்த லீக்கில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கிய வி. சுந்தரமூர்த்தி, 2016இல் சிங்கப்பூர் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார்.