குழாய்க்கு என்ன விலை?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து பிரியும் ஊர்த்தெருக்களில் பழைய சாமான் வண்டி வருகிறது. ‘பழைய இரும்பு, அலுமினியம், ஓடாத மிக்சி, உடைஞ்ச பிளாஸ்டிக்...’ என்று பதிவு செய்த குரல், வண்டிக் கூரையில் கட்டிய கையகலக் குழாய் ஒலிபெருக்கி வழியாகத் தெருவை எழுப்புகிறது. அந்த வண்டியில் போய் விழும் சாமான்களில் சில சமயம் பெரிய குழாய்களும் உண்டு. ஆடி மாதம் கூழ் வார்த்தலுக்கு வேப்பமரத்தில் ஏறி, விடியுமுன்பே எல்.ஆர்.ஈஸ்வரியைப் பாடவைத்த குழாய்கள் அவை. வாங்குகிறவர் குழாயின் பின்னாலிருக்கும், ஒலி எழுப்பும் யூனிட்டைக் கழற்றித் தனியே வைப்பார். குழாய் அலுமினியக் கணக்கில் போகும், யூனிட் இரும்புக் கணக்கில்.

தென்கொரியாவின் சியோல் நகரில் 2024 ஜூனில் ‘ஆடியம்’ என்ற ஒலிக்கருவி அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கெங்கோ குமா. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் பேசும்படம் தொடங்கிய காலத்தில் திரையரங்குகளுக்காகச் செய்த பிரம்மாண்டமான குழாய்கள் அங்கே முதல் மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிறுவனத்தின் 555 என்ற யூனிட் 1926இல் வந்தது. வென்ட், துராஸ் என்ற இரு பொறியாளர்களின் படைப்பு. நூறு வயதை எட்டிவிட்ட அந்த யூனிட்டின் நல்ல ஜோடிக்கு இன்றும் ஆயிரக்கணக்கான டாலர் தருவதற்கு ஆள் இருக்கிறது.

இரண்டும் குழாய்தான், இரண்டும் ஒரே விதியில்தான் வேலை செய்கின்றன. பிறகு ஏன் ஒன்று எடைக்குப் போகிறது, மற்றது கண்ணாடிக்குள் போகிறது? பழமை மட்டும் காரணமில்லை.

முதலில் அந்த விதி. ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிடுகிறவர் இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொள்வதைப் போன்றதுதான் குழாயின் வேலை. காற்று மிக லேசானது. ஸ்பீக்கரின் சவ்வு எவ்வளவு வேகமாக அதிர்ந்தாலும் காற்று பிடி கொடுக்காமல் நழுவிவிடும். அதனால் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் கொடுக்கும் மின்சக்தியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. குறுகலாகத் தொடங்கி மெல்ல விரியும் குழாய், சவ்வுக்கு முன்னால் காற்றைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்திப் பிறகு வெளியே விடுகிறது. நல்ல குழாயில் பத்துப் பங்கு, இருபது பங்குகூட ஒலியாகும். சிறிய ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு மைக் செட்காரர்கள் பக்கத்து ஊர்வரை பாட்டைக் கேட்கவைத்த மாயம் இதுதான்.

ஆனால் அடித்தொண்டை ஒலிக்கு ரொம்பப் பெரிய வாய் வேண்டும். மரத்தில் கட்டும் குழாய்க்கு அது கிடையாது. பேச்சுக்குத் தேவையான நடு ஒலி மட்டும் வரும்; மேளமும் பேஸும் வராது. குழாயில் கேட்ட பாட்டெல்லாம் மூக்கால் பாடியதுபோல் இருந்ததற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் வாழ்ந்த பால் கிளிப்ஷ் இதற்கு ஒரு வழி கண்டார். மரப்பெட்டிக்குள் குழாயை மடித்து, அதை அறையின் மூலையில் வைத்து, இரண்டு சுவர்களையும் குழாயின் நீட்சியாக மாற்றினார். 1946இல் அவர் தொடங்கிய நிறுவனம் ‘கிளிப்ஷ்ஹார்ன்’ என்ற அந்தப் பெட்டியை இன்னமும் செய்து விற்கிறது. உதிரி பாகம் தடையின்றிக் கிடைப்பதால் பழைய பெட்டிக்கும் விலை அவ்வளவாக இறங்குவதில்லை.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கதை வேறு. திரையரங்குகள் புதிய கருவிகளுக்கு மாறியபோது பழைய குழாய்களைக் கழற்றிப் போட்டன. அவற்றைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள் முதலில் ஜப்பானியர்கள், பிறகு கொரியர்கள். இதில் வெறும் பழமை மோகம் மட்டும் இல்லை. 300பி போன்ற வால்வைத் தனியாக வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபையர் எட்டு வாட்தான் தரும். அந்த ஒலியின் இனிமைக்காக உயிரை விடுகிறவர்களுக்கு, எட்டு வாட்டில் வீட்டை நிறைக்கும் ஸ்பீக்கர் வேண்டும். அது குழாயால்தான் முடியும். வால்வு ஆம்ப்ளிஃபையர் மீதான காதல் உலகில் இருக்கும்வரை பெரிய குழாய்க்கும் கிராக்கி இருக்கும்.

காந்தமும் விலையைத் தீர்மானிக்கிறது. பழைய யூனிட்டுகள் பலவற்றில் அல்நிகோ காந்தம் இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம் அது. 1978இல், அப்போது ஜயர் என்று அழைக்கப்பட்ட காங்கோவின் ஷாபா பகுதியில் போர் மூண்டது. உலகின் கோபால்ட் பெருமளவு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை தாறுமாறாக ஏற, ஸ்பீக்கர் கம்பெனிகள் மலிவான ஃபெரைட் காந்தத்துக்குத் தாவின. அல்நிகோ ஒலி உண்மையில் மேலானதா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒலியில் வித்தியாசம் இருக்கிறதோ இல்லையோ, விலையில் நிச்சயம் இருக்கிறது.

நம் ஊர்க் குழாய்க்கு இந்த அதிர்ஷ்டம் எதுவும் வாய்க்கவில்லை. தில்லியின் அகுஜா நிறுவனம் 1940 முதல் இருக்கிறது. குழாயும் யூனிட்டும் இன்றும் புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. புதியதே சல்லிசாகக் கிடைக்கும்போது அடிவாங்கி நெளிந்த பழையதை யார் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள்?

அதற்கும் மேலே சட்டம் வந்தது. அப்பா ராவ் என்பவர் தமிழக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குழாய் வகை ஒலிபெருக்கிகளை முற்றிலும் தடை செய்யும்படி காவல்துறைத் தலைமைக்கு உத்தரவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்ட இதழில் அந்தத் தீர்ப்பு பதிவாகியிருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றமும் இதை எடுத்துக்காட்டியது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு. இன்று திருவிழாவுக்கு முன்பு காவல் நிலையத்தில் ‘பாக்ஸ் மட்டும்தான், குழாய் கூடாது’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். மீறினால் பறிமுதல். வாடகைக்கு விடவே முடியாத பொருளுக்கு மறுவிற்பனை விலை எங்கிருந்து வரும்?

மைக் செட்காரருக்கு இது பெரிய அடி. என்றாலும் தடை தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. குறிப்பாக இந்தப் பகுதியில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய ஊர்களில் வாடகைக்குத் தங்கியிருக்கும் பிள்ளைகளில் பலர் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். பத்து மணி விதி அவர்களுக்கு உதவாது. வீட்டு வாசலில் குழாய் பாடாமல் இருப்பது உதவும்.

எடைக்குப் போன குழாய் எங்கே போகிறது என்பதும் சுவாரசியமானது. உருக்கி மறுபடி வார்க்கும் அலுமினியத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் வாகனத் தொழில்தான். என்ஜின் உறை, கியர்பாக்ஸ் உறை போன்றவை பெரும்பாலும் இப்படிப்பட்ட அலுமினியத்தில் வார்க்கப்படுகின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்யும் இந்த வட்டாரத்தைச் சுற்றி அலுமினியத்துக்குப் பஞ்சமில்லாத தேவை உண்டு. ஆகவே குழாய்க்குக் கிடைப்பது சேகரிப்பாளர் விலை இல்லை, உலோகச் சந்தையின் அன்றாட விலை.

இதற்கு விதிவிலக்கு உண்டா? உண்டு. காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் தெரியும். பெயர்தான் சிகாகோ, நிறுவனம் மோட்வானே குடும்பத்துடையது. காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர்ப் பட்டை ஒட்டிய குழாயோ யூனிட்டோ கிடைத்தால் அதற்கு வரலாற்று மதிப்பு இருக்கிறது. மூடிய பழைய திரையரங்குகளின் திரைக்குப் பின்னால் வெளிநாட்டுக் குழாய்கள் தூங்கிக்கொண்டிருந்தால் அவையும் அப்படியே.

பித்தளைக் குழாய் வைத்த ‘அந்தக் கால கிராமபோன்’ என்று கடைகளில் விற்கிறார்களே, அதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாய் படம் ஒட்டி, புதிதாக அடித்த பித்தளைக் குழாயை ஏதோ ஒரு பழைய மோட்டாரின் மேல் மாட்டிய போலிகள் நம் நாட்டில் ஏராளம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்குக் கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பழைய குழாய் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யூனிட்டைத் திருப்பி, பட்டையிலுள்ள பெயரையும் எண்ணையும் படித்துப் பாருங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள், பளபளவென்று தேய்க்காதீர்கள். ஜோடியாக இருந்தால் பிரித்து விற்காதீர்கள். யூனிட்டைத் திறந்து காந்தத்தை வெளியே எடுக்கவே கூடாது. அல்நிகோ காந்தத்தை அதன் இடத்திலிருந்து பிரித்தால் காந்தசக்தி குறைந்துவிடும், போனது தானாகத் திரும்பாது. பட்டையில் இருப்பது சாதாரணக் கோயில் குழாய்க் கம்பெனியின் பெயர் என்றால் லட்சக்கணக்கை எதிர்பார்க்க வேண்டாம், அன்றைய அலுமினிய விலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.