புலிவாகனன் மலையில் ஒரு பகல்

அன்று வீரப்பன் பயத்தில் வெறிச்சோடிக் கிடந்த காட்டுச் சாலையில் இன்று குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பார்க்க வருகிறவர்களுக்குக் காடு ஒரு நாள் வேடிக்கை. அங்கேயே இருப்பவர்களுக்கோ?

மாதேஸ்வரனுக்கு வாகனம் புலி. மைசூர்ச் சீமையிலும் கொங்கு நாட்டின் மலையோரக் கிராமங்களிலும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அவர் புலி மேல்தான் அமர்ந்திருப்பார். 2023 மார்ச்சில் மலைமேல் திறந்துவைக்கப்பட்ட 108 அடி உயரச் சிலையிலும் அப்படியே. சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் மலையிறங்குவதில்லை.

சிலை திறந்து இரண்டேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே மலைத்தொடரில் ஹூக்யம் வனச் சரகத்துக்கு உட்பட்ட மீண்யம் காட்டில், 2025 ஜூன் 26 அன்று ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்துப் போட்ட பசுவின் உடலில் யாரோ விஷம் வைத்திருந்தார்கள். தின்ன வந்த குடும்பம் முழுதும் அழிந்தது. புலியேறிய சாமியின் மலையில் புலிக்கு நேர்ந்த கதி இது.

மாதேஸ்வரன் மலைக்கு ஒரு நாள் பயணமாகக் கிளம்பும் குடும்பங்கள் இந்த இரண்டு புலிகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிலையில் இருக்கும் புலி, விஷம் தின்ற புலி.

மைசூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொள்ளேகால், ஹனூர் தாண்டியதும் வரும் ஊர் கௌதள்ளி. அதைக் கடந்து போனால் தாளபெட்டா அடிவாரம். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழி வேறு. மேட்டூர், கொளத்தூர் தாண்டி, பாலாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறலாம். அந்தியூர், பர்கூர், கர்கேகண்டி வழியாக வருகிறவர்கள் ராமாபுரம் பக்கம் வந்து சேர்வார்கள். எந்த வழியில் வந்தாலும் காட்டைத் தொடாமல் கோயிலைத் தொட முடியாது.

கௌதள்ளிக்கும் தமிழுக்கும் உறவு பழையது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா முழுதும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூருக்குப் போனது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் அமைத்தபோது மறுபடியும் முகவரி மாறியது. இன்றும் பழக்கத்தில் மைசூர்ப் பக்கம் என்றே பலர் சொல்கிறார்கள். அரசாங்கக் கோடு மாறிக்கொண்டே இருந்தது. இந்தப் பகுதியில் ஒரே வாயில் தமிழும் கன்னடமும் புழங்குவது மட்டும் மாறவில்லை.

யானைக்கு அந்தக் கோடுகூடத் தெரியாது. 1987-ல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2013-ல் மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயம் வந்தது. பரப்பு சுமார் 906 சதுர கிலோமீட்டர். மேற்கே 2011-ல் புலிகள் காப்பகமான பிலிகிரி ரங்கன் மலை. தமிழ்நாட்டுப் பக்கம் 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம், 2024-ல் பர்கூர் மலையில் தந்தை பெரியார் சரணாலயம். ஒன்றோடொன்று ஒட்டிய இந்தக் காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கின்றன. தென்னிந்திய யானைகள் நடமாடும் பெருவழி இது.

வண்டியை விட்டு இறங்காத குழந்தைகளின் முதல் கேள்வி, புலி எங்கே என்பதுதான். பெற்றோர் சங்கடப்படுவார்கள். மைசூர் மிருகக்காட்சிச்சாலையில் இந்தச் சங்கடம் இல்லை. பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில் 1892-ல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில், செவ்வாய்க்கிழமை விடுமுறை தவிர மற்ற நாள்களில் சீட்டு வாங்கினால் புலி நிச்சயம். அங்கே மிருகம் நமக்காகக் காத்திருக்கிறது. காட்டில் நாம்தான் காத்திருக்க வேண்டும், அதுவும் வரும் என்ற உறுதி இல்லாமல்.

காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குக் காடு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும். விடியற்காலையில் சாலையோரப் புல்லில் புள்ளிமான் கூட்டம். மூங்கில் ஒடிந்து கிடந்தால் இரவில் யானை போயிருக்கிறது. ஈர மண்ணில் பூனைக்கால் போன்ற பெரிய தடம் இருந்தால் சிறுத்தையாகவும் இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம். காவிரிக் கரையோர மருத மரங்களில் சாம்பல் நிறப் பெரிய அணில் தாவும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள இனம் அது. காவிரிச் சரணாலயத்தின் பெருமைகளில் ஒன்று. ஆற்றில் நீர்நாய், முதலை. ஆழமான மடுக்களில் மஹசீர் மீன். திமில் போல முதுகு உயர்ந்த காவிரி மஹசீரை, அழியும் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டது. புலி ஒன்றையே கேட்கும் பிள்ளைக்கு இதையெல்லாம் கண்ணில் காட்டிக் கொடுப்பது பெரியவர்களின் வேலை.

மலைமேல் சாமி கும்பிட்டுவிட்டுக் கோபிநத்தத்துக்குப் போகிறவர்களும் உண்டு. கர்நாடகத்தில் இருக்கும் தமிழ்க் கிராமம். வீரப்பன் பிறந்த ஊர். இன்று அங்கே கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காட்டு முகாம் நடத்துகிறது. எந்தப் பெயரைச் சொன்னால் பஸ்கள் நின்றனவோ, அந்தப் பெயரே சுற்றுலாவுக்கு விளம்பரம்.

இந்தச் சாலை பார்த்ததெல்லாம் இளைய தலைமுறைக்குத் தெரியாது. சரணடைய வருவான் என்று நம்பி, ஆயுதமில்லாமல் போன வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். கோபிநத்தத்தில் மக்களோடு பழகி, மாரியம்மன் கோயில் கட்டித் தந்தவர் அவர். அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளித்தது. ஊர்மக்கள் அவர் படத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள். 1992 மே மாதம் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதே ஆகஸ்டில் மீண்யம் அருகே எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் பலியானார்கள். 1993 ஏப்ரலில் பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 உயிர்கள். 2004 அக்டோபர் 18-ல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை இந்தக் காட்டுக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் மிகக் குறைவு.

இடையில் அடிபட்டவர்கள் மலையோர ஏழைகள். அதிரடிப் படையினரின் சித்ரவதை பற்றி சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரத் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. காக்கிச் சட்டையைக் கண்டால் இந்தக் கிராமங்களில் இன்னும் கதவு சட்டென்று திறக்காததற்குக் காரணம் உண்டு.

இப்போது அதே கிராமங்களில் சண்டை மாட்டை வைத்து. இங்கே பலருக்கு நிலம் மானாவாரி. மழை பொய்த்தால் மாடுதான் கைமுதல். மாட்டைக் காட்டுக்கு ஓட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அடுத்த பர்கூர் மலையில், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மலைமாட்டைக் காட்டுக்குள் பட்டி போட்டே வளர்த்தார்கள். பாலுக்காக மட்டும் அல்ல, எருவுக்காகவும். மேய்ச்சலுக்கு இடம் குறையும்போது இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்து மாடு இந்தப் பக்கம் வரும்.

ஒரு பக்கம் உண்ணிச்செடி காட்டை மூடி, அதன் கீழே புல் முளைக்க விடுவதில்லை. மானுக்கும் தீனி குறைகிறது, மாட்டுக்கும் குறைகிறது. மானைவிட மாடு பிடிப்பது புலிக்குச் சுலபம். ஓடத் தெரியாத, மணி கட்டிய இரை. ஒரு புலி ஒரு பசுவை அடித்தால் வனத்துறைப் பதிவேட்டில் அது ஒரு வரி. பசுவின் சொந்தக்காரனுக்கோ, அந்த ஆண்டின் பள்ளிக் கட்டணமோ கல்யாணச் செலவோ அது. இழப்பீடு உண்டு. ஆனால் காட்டுக்குள் மேயவிட்ட மாட்டுக்குக் கேட்கப் போனால் முதலில் வரும் கேள்வி, சரணாலயத்துக்குள் ஏன் போனது என்பதுதான்.

இதனால் விஷம் வைத்தது நியாயமாகிவிடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குத்தான் உச்சபட்சப் பாதுகாப்பு. ஐந்து புலிகள் செத்த வழக்கில் சில நாள்களிலேயே மூன்று பேர் கைதானார்கள். கூடவே இன்னொரு தகவலும் வெளியானது: ரோந்து போக வேண்டிய ஒப்பந்த ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹனூர் பகுதியில் மற்றொரு புலி துண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. 2022 கணக்கெடுப்பில் 563 புலிகளோடு நாட்டில் இரண்டாம் இடம் பிடித்த மாநிலத்துக்கு இது பெருமை சேர்க்கும் செய்தி அல்ல.

அரசின் பதில் தடை உத்தரவு. 2025 ஜூலையில் காட்டுக்குள் கால்நடை மேய்ப்பதைத் தடுக்கும்படி வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். வெளிமாநில மாடுகள் வருவதும், காட்டில் மேய்ச்சல் பற்றி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடையும் காரணமாகச் சொல்லப்பட்டன. மலையோர விவசாயிகள் கொதித்தார்கள். மாதேஸ்வரன் மலையைப் புலிகள் காப்பகமாக்கும் யோசனை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்ததற்கும் இதே கோபம் ஒரு காரணம். காப்பகம் என்றதும் வெளியேற்றம் என்றே ஜனங்கள் காதில் விழுகிறது.

விழ வேண்டியதில்லை என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகமான அதே 2011-ல், அங்குள்ள சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தேனும் நெல்லியும் எடுக்கும் உரிமையோடு அவர்கள் புலிக் காட்டிலேயே இருக்கிறார்கள். மாதேஸ்வரன் மலையில் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் சோளகர்களுக்கு உண்ணிச்செடியில் நாற்காலி, மேசை செய்யக் கற்றுக்கொடுத்தது. காட்டைக் கெடுக்கும் செடியே கூலியாகிறது. விலங்கியலாளர் சஞ்சய் குப்பியின் ஹொளேமத்தி நேச்சர் ஃபவுண்டேஷன், விறகுக்குக் காடு ஏறும் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வாங்கித் தந்திருக்கிறது. இவை சின்ன முயற்சிகள்தான். ஆனால் காட்டையும் மனிதரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தவை.

சுற்றுலாப் பயணிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடும் குடும்பம், அந்தக் குரங்கைச் சாலைக்கு இழுத்து அடுத்த லாரியின் சக்கரத்தில் தள்ளுகிறது. காட்டோரத்தில் சோறு பொங்கி, தணலை அணைக்காமல் போகிற கூட்டம் கோடையில் தீ வைத்துவிட்டுப் போகிறது. மிச்சச் சோற்றோடு கட்டி எறிந்த பிளாஸ்டிக் பை, யானைச் சாணத்தில் வந்து கிடக்கிறது. விஷம் வைத்தவன் மேல் கோபப்படும் நாம், இவற்றைக் குற்றம் என்று நினைப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை முடிந்து காடு பச்சையாக இருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். சிவராத்திரி, தீபாவளி, அமாவாசை நாள்களில் மலைமேல் கூட்டம் தாங்காது. நடந்தே வரும் பக்தர்கள் சாலை நெடுக இருப்பார்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். இருட்டும் முன் காட்டைத் தாண்டிவிடுங்கள். சாலையை விட்டு உள்ளே இறங்குவது சட்டப்படி குற்றம். சஃபாரி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். புலி தாக்கிக் கிராமத்தினர் இறந்ததால் 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியையே நிறுத்தினார்கள். சாப்பாட்டை வழியில் கௌதள்ளி, ராமாபுரம் போன்ற ஊர்களின் சிறு கடைகளிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காடு பார்க்க வந்தவர்களின் காசு, காட்டோரம் இருப்பவர்கள் கைக்கும் கொஞ்சம் போகட்டும்.

புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று மைசூரிலும் சென்னையிலும் இருந்து சொல்வது எளிது. அங்கே யாருடைய தொழுவத்திலும் புலி நுழைவதில்லை. அந்தக் காப்பாற்றலுக்கு இதுவரை பசுவாக விலை கொடுத்தவர்கள் மீண்யத்திலும் ஹூக்யத்திலும் இருப்பவர்கள். செத்த பசுவுக்கு உரிய பணம் ஒரு மாதத்துக்குள், அலையவிடாமல் கைக்கு வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்தால், அடுத்த பசுவின் உடலில் விஷம் இருக்காது. அது நடக்கும்வரை, வண்டிக்குள் இருந்து குழந்தை கேட்கும் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது கஷ்டம்தான்.