எண்டர்பிரைசுக்கு வரைபடம் போட்டவர்

சின்னத்திரையின் துணைநூல்கள் – 6

1966 செப்டம்பர் 29. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைய எபிசோடில் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள் ஒரு விநோத நோய் புகுந்துவிடுகிறது. பிடித்தவர்களுக்கெல்லாம் போதை ஏறியதுபோல் புத்தி தடுமாறுகிறது. ரைலி என்ற இளம் அதிகாரி இன்ஜின் அறைக்குள் நுழைந்து கதவைப் பூட்டிக்கொள்கிறார். தானே இனி கேப்டன் என்று அறிவித்து, ஒலிபெருக்கியில் உத்தரவு மேல் உத்தரவாகப் போடுகிறார். அதில் ஒன்று, இன்றிரவு கப்பலின் பௌலிங் கூடத்தில் நடன விருந்து என்பது.

உளறலுக்காக எழுதப்பட்ட வசனம் அது. அந்தத் தொடர் முடியும்வரை பௌலிங் கூடத்தை யாரும் திரையில் பார்க்கவில்லை. ஆனால், 1975ல் எண்டர்பிரைசின் முழு வரைபடத் தொகுப்பு கடைக்கு வந்தபோது, அதன் கீழ்த்தளம் ஒன்றில் பௌலிங் கூடம் அளவோடு வரையப்பட்டிருந்தது!

எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' பார்த்த நம்மவர்களுக்கு கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கின் கூர்க்காதுகளையும் தெரியும். அந்தத் தொடருக்குப் பின்னால் வளர்ந்த புத்தக அலமாரி அவ்வளவாகத் தெரியாது. எபிசோடு வாரியாகக் கதைச் சுருக்கம், பாத்திரங்களின் பட்டியல், கருவிகளின் விளக்கம், படப்பிடிப்புத் தகவல் என்று ஒரு தொடரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும் நூல்களைத்தான் துணைநூல் என்கிறோம். இந்த ரகத்துக்கு வழி போட்டதில் 'ஸ்டார் ட்ரெக்'குக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் புத்தகத்தை எழுதியவர் விமர்சகரோ பேராசிரியரோ அல்ல, விளம்பரத் துறைக்காரர். எண்டர்பிரைசின் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்ற ஏஎம்டி நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஸ்டீபன் விட்ஃபீல்ட், அந்தத் தொடர்பில் ஸ்டூடியோவுக்குள் போனார். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்குக் கோப்புகளைத் திறந்துவிட்டார். 1968 செப்டம்பரில், மூன்றாவது சீசன் தொடங்கும் சமயத்தில், இருவர் பெயரிலும் 'தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் ட்ரெக்' வெளியானது. ஒளிபரப்பில் இருக்கும் ஒரு தொடரின் சமையலறையை இப்படித் திறந்து காட்டுவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

உள்ளே இருந்ததும் சாதாரண விளம்பரச் சரக்கு அல்ல. தயாரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட குறிப்புகள், பட்ஜெட் புலம்பல்கள், சேனலோடு நடந்த இழுபறிகள் எல்லாம் அப்படியே அச்சேறின. ஸ்பாக்கின் காதும் புருவமும் சாத்தான் மாதிரி இருக்கிறது என்று பயந்த என்பிசி, விற்பனைக் கையேட்டில் அவர் படத்தைத் திருத்தி, காதை மழுக்கி அச்சடித்த கதையும் அதில் உண்டு. கப்பலின் நீளம் 947 அடி, ஊழியர்கள் 430 பேர் என்ற விவரங்களையும் ரசிகர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

அடுத்த புத்தகத்தை ரசிகர்களே எழுதினார்கள்.

இரண்டாவது சீசனோடு தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, என்பிசிக்குக் கடிதங்களைக் குவிக்கும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்கள் பீஜோ டிரிம்பிளும் அவருடைய கணவர் ஜானும். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று எபிசோடு முடிந்த கையோடு திரையிலேயே அறிவிக்க வேண்டிய நிலைமை சேனலுக்கு வந்தது. அதே வட்டத்தைச் சேர்ந்த டோரத்தி ஜோன்ஸ், ஒவ்வொரு எபிசோடிலும் வந்த பெயர்கள், கிரகங்கள், உயிரினங்கள், கருவிகள் எல்லாவற்றையும் சின்னச் சின்ன அட்டைகளில் குறித்து வைத்திருந்தார். அந்த அட்டைகள்தான் 1969ல் ரசிகர் வெளியீடாக வந்த 'ஸ்டார் ட்ரெக் கன்கார்டன்ஸ்' அகராதியின் விதை. மூன்றாவது சீசனுக்கான இணைப்பு 1973ல் வந்தது. 1976ல் பாலன்டைன் பதிப்பகம் அதைப் பெரிய அளவில் நாடு முழுக்கக் கொண்டுபோனது.

அந்த 1976 பதிப்பின் அட்டையிலேயே ஒரு வித்தை இருந்தது. அட்டைக்குள் வட்டமான சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சக்கரத்தைத் திருப்பி வேண்டிய எபிசோடைப் பிடித்தால், உள்ளே எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்பது சிறு ஜன்னலில் தெரியும். கணினித் தேடல் இல்லாத நாளில் இது போதாதா?

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். ஒளிபரப்பை வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளும் சோனியின் பீட்டாமேக்ஸ் கருவி 1975ல்தான் வந்தது. அது நடுத்தர வீடுகளுக்கு வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. அதுவரை ஒரு எபிசோடைத் தவறவிட்டால் மறுஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும். மறுஒளிபரப்பு செய்த உள்ளூர் நிலையங்களோ, கூடுதல் விளம்பரம் நுழைப்பதற்காகக் காட்சிகளை வெட்டின. ஆக, அந்த வருடங்களில் 79 எபிசோடுகளின் முழுமையான பதிவு என்று ஒரு பார்வையாளர் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது புத்தகத்தை மட்டும்தான்.

இந்தப் பின்னணியில்தான் பௌலிங் கூடக்காரர் வருகிறார். பெயர் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஷ்னாபெல்ட். சான் டியேகோவில் கான்வேர் விமான நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகை. அவளும் நண்பர்களும் தொடரில் வரும் கருவிகளைச் செய்து பார்க்க வரைந்து வைத்திருந்த படங்கள் அந்தத் தொழில்காரர் கண்ணை உறுத்தின. தானே வரைய உட்கார்ந்தார். கருவியில் ஆரம்பித்த வேலை கப்பலில் போய் முடிந்தது. 12 தாள்களில், தளம் தளமாக, அறை அறையாக வரைந்த எண்டர்பிரைஸ் வரைபடங்கள் 1975ல் பழுப்பு நிற பிளாஸ்டிக் உறையில் விற்பனைக்கு வந்தன. அதே வருடக் கடைசியில் வந்த 'ஸ்டார் ஃப்ளீட் டெக்னிகல் மேனுவல்' விற்பனைப் பட்டியல்களில் ஏறியது.

விமானம் வரைந்த கை என்பதால் அவருக்கு ஒரு சிக்கல் உடனே தெரிந்தது. கப்பலின் வெளிமாதிரியில், கட்டுப்பாட்டு அறைக்கு நேர் பின்னால் லிஃப்ட்டுக்கான குழாய் வடிவம் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஸ்டூடியோ செட்டிலோ லிஃப்ட் கதவு கேப்டன் நாற்காலிக்கு நேர் பின்னால் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. மாதிரியைச் செய்தவர்களும் செட் போட்டவர்களும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை, கேமராவுக்கு எது வசதியோ அதைச் செய்தார்கள். ஃபிரான்ஸ் ஜோசஃப் இரண்டையும் பொருத்த வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டு அறையையே சுமார் 36 டிகிரி திருப்பி வைத்துவிட்டார். லிஃப்ட் சரியாகப் பொருந்தியது. ஆனால் அவர் கணக்குப்படி, கப்பல் நேராகப் போகும்போது கிர்க் சற்றே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! இந்த ஒரு திருப்பத்தை வைத்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

டெக்னிகல் மேனுவலில் கற்பனைக்கும் பஞ்சமில்லை. எண்டர்பிரைஸ் தவறிப்போய் 20ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடும் எபிசோடு ஒன்று உண்டு. அப்போது கப்பலின் கணினியிலிருந்து அமெரிக்க விமானப்படைத் தளத்துக் கணினிக்குக் கசிந்த ஆவணம்தான் இது என்று முன்னுரையிலேயே கதை கட்டியிருந்தார். கதையில் வரும் கிரகங்களின் கூட்டமைப்புக்கான சாசனத்தை ஐ.நா. சாசனத்தின் அச்சில் வார்த்தார். திரையில் வராத புதுக் கப்பல் வகைகளையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதிவு எண்ணும் கொடுத்தார்.

1979 டிசம்பரில் முதல் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படம் வந்தது. தொடக்கத்தில், விண்வெளி நிலையம் ஒன்றின் வானொலிப் பேச்சு பின்னணியில் கேட்கும். கொலம்பியா, ரெவியர் என்ற வேவுக் கப்பல்கள், ஆந்தான்ட் என்ற பெரும் போர்க்கப்பல். எல்லாம் ஃபிரான்ஸ் ஜோசஃப் புத்தகத்தில் வைத்த பெயர்கள். திரையைப் பார்த்து எழுதிய புத்தகத்திலிருந்து இப்போது திரையே எடுத்துக்கொண்டது. அதே வருடம் அவருடைய கப்பல்களை அடிப்படையாக வைத்து 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' என்ற பலகை விளையாட்டும் பிறந்தது.

மரியாதை நெடுநாள் நீடிக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில், அவருடைய படைப்புகள் அதிகாரபூர்வமானவை அல்ல என்று ராடன்பெரி தரப்பு ஒதுக்கிவிட்டது. 1994ல் ஃபிரான்ஸ் ஜோசஃப் காலமானார்.

அதற்குள் துணைநூல் எழுதும் வேலை தயாரிப்புக் குழுவின் கைக்கே போயிருந்தது. 1987ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் கலைப்பிரிவில் இருந்தார்கள். எந்த எந்திரம் எப்படி இயங்குகிறது என்று தொடரின் வசனகர்த்தாக்களுக்காக அவர்கள் தொகுத்த உள்வட்டக் கையேடு, வளர்ந்து 1991ல் 'டெக்னிகல் மேனுவல்' ஆனது. ஆளை அணு அணுவாகப் பிரித்து வேறிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர், இயற்பியலின் நிச்சயமின்மைக் கோட்பாட்டில் இடறுமே என்று படித்தவர்கள் கேட்டார்கள். அதற்கு 'ஹைசன்பர்க் காம்பன்சேட்டர்' என்று ஒரு பாகத்தையே கற்பனை செய்து வைத்திருந்தது குழு. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டபோது, நன்றாகவே வேலை செய்கிறது என்று மட்டும் பதில் சொன்னார் ஒகுடா.

அவரும் மனைவி டெனிஸ் ஒகுடாவும் 1993ல் கொண்டுவந்த 'ஸ்டார் ட்ரெக் க்ரானாலஜி'தான் இந்த அலமாரியில் துணிச்சலான நூல். கிர்க் வாழ்ந்தது எந்த வருடம்? பழைய தொடர் இதற்குப் பிடிகொடுக்கவே இல்லை. ஒரு எபிசோடில் 1990களைச் சேர்ந்த கான் என்ற வில்லனிடம், நீ உறங்கி இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன என்கிறார் கிர்க். இன்னொன்றில் நெப்போலியன் காலம் 900 வருடங்களுக்கு முந்தையதாக வருகிறது. கூட்டிக் கழித்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் 500 வருட இடைவெளி! ஒகுடா தம்பதி ஒரு எளிய முடிவெடுத்தார்கள். ஒளிபரப்பான வருடத்தோடு 300ஐக் கூட்டு; 1966 என்றால் 2266. இது ஊகம் என்பதையும் மறைக்கவில்லை. திரையில் சொன்னது எது, தாங்கள் அனுமானித்தது எது என்று பிரித்தே எழுதினார்கள்.

அந்தக் கணக்கில் கிர்க்கின் ஐந்தாண்டுப் பயணம் 2264ல் தொடங்கி 2269ல் முடிந்தது. 2001ல் 'வாயேஜர்' தொடரின் ஒரு எபிசோடு, பயணம் முடிந்தது 2270ல் என்று சொல்லிவிட்டது. புத்தகம் போட்ட நூற்றாண்டைத் திரை ஏற்றுக்கொண்டது, ஒரு வருடத்தை மட்டும் தள்ளி வைத்தது.

இன்றைக்கு இவற்றில் ஒன்றை மட்டும் வாங்கிப் படிக்கலாம் என்றால் 1968 புத்தகத்தையே சொல்ல வேண்டும். தேதிகளும் எண்களும் அடுத்த தொடர் வந்தால் மாறிவிடும். பணமும் நேரமும் இல்லாமல் ஒரு வாராந்தரத் தொடரை எப்படி எடுத்தார்கள் என்ற விவரம் பழையதாகவில்லை. தொலைக்காட்சிக்கு எழுத நினைக்கும் யாருக்கும் அது இன்றும் பாடப்புத்தகம். வரைபடங்களில் ஆர்வமுள்ளவர்கள் ஃபிரான்ஸ் ஜோசஃபைத் தேடலாம். அதிகாரபூர்வ முத்திரை பறிபோனாலும் உழைப்பில் அவரை மிஞ்ச ஆள் குறைவு.

அடுத்த வாரம் லண்டனுக்குப் போவோம். 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் ஆறு சீசன்களில் ஒளிபரப்பானவை 253 எபிசோடுகள். ஒளிநாடாக்களைப் பிபிசியே அழித்துவிட்டதால், அவற்றில் தொண்ணூறுக்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கதைகளைப் பிழைக்க வைத்த புத்தகங்களைப் பற்றி அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)