கடுக்காய்: தோலுக்குப் பதம், உடலுக்கு மருந்து

ஜவ்வாது மலையின் பழங்குடியினர் காட்டில் சேகரித்துக் கீழே கொண்டுவரும் பொருள்களில் தேன், புளி, நெல்லிக்காயோடு கடுக்காயும் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அந்தக் காய்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆவாரம்பட்டையோடு சேர்ந்து தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் டேனரியின், தொட்டிக்குப் போகும். மற்றொன்று, நாட்டு மருந்துக் கடை வழியாக வீட்டுக்கு வரும். இரண்டு இடத்திலும் அதற்கு மதிப்பைத் தந்தது அதன் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால், கடுக்காயை எதற்கு நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

துவர்ப்பு செய்யும் வேலை

கடுக்காயின் தாவரப் பெயர் டெர்மினாலியா செபுலா. காய்ந்த காயில் ஏறத்தாழ 30 சதவீதம், துவர்ப்பைத் தரும் டானின். செபுலாஜிக் அமிலமும் செபுலினிக் அமிலமும் இதில் முக்கியமானவை. டானின் புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையது. பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தோடு பிணைந்ததும் தோல் அழுகாமல் நிற்கிறது. வாயிலிட்டால் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றுவதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. பின்னாளில் குரோமிய உப்பு வந்து தொட்டிகளில் கடுக்காயின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. மருந்தில் அதன் இடம் அப்படியே இருக்கிறது.

வாய்க்கும் ஈறுக்கும்

ஈறு வீங்கி ரத்தம் கசியும்போது கடுக்காய்க் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பது பழைய வழக்கம். பல் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியைக் கடுக்காய்ச் சாறு கட்டுப்படுத்துவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நான்கு வாரம் நடந்த ஒரு சோதனையில், கடுக்காய் வாய்க்கொப்பளிப்பு பற்படலத்தையும் ஈறு அழற்சியையும் குறைத்தது. கடுக்காயின் பயன்களில் மனிதர்களிடம் சோதித்த சான்று உள்ளவற்றில் இது முன்னே நிற்கிறது.

வயிறும் சர்க்கரையும்

நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் கடுக்காய் திரிபலா ஆகிறது. மலச்சிக்கலுக்கு இரவில் திரிபலா கொடுப்பது சித்த மருத்துவர்களின் வழக்கம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைச் செபுலாஜிக் அமிலம் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது உடலிலும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. கடுக்காயை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பயன்படுத்தும் முறை

சித்த மருத்துவம் கடுக்காயின் கொட்டையை நஞ்சாகக் கருதுகிறது. கொட்டையை நீக்கி, சதையை மட்டும் உலர்த்திப் பொடிக்க வேண்டும். வாய் கொப்பளிக்க, அரைத் தேக்கரண்டிப் பொடியை ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் போதும். உள்ளுக்குச் சாப்பிடுவதென்றால் வயது, உடல்நிலை பார்த்துச் சித்த மருத்துவர் அளவு சொல்ல வேண்டும்.

யாருக்குக் கவனம் தேவை?

கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, மிகுந்த உடல் மெலிவு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம்.

இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டானின் புரதத்தை மட்டுமல்ல, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் பற்றிக்கொள்ளும். ரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதோடு கடுக்காய்ப் பொடியைச் சேர்க்க வேண்டாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

டேனரி வேலையில் குரோமியம் பட்டுக் கையில் அரிப்பும் ஆறாத புண்ணும் வந்தால், கடுக்காயைப் பூசிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். கையுறை போடுங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த ரசாயனத்தைத் தொடுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சரியான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.