புலன்களுக்கு எட்டாத அபாயம்

நெருப்புச் சுடும் என்பதைக் குழந்தைக்குங்கூட நெடுநாள் போதிக்க வேண்டுவதில்லை; தொட்ட மாத்திரத்தில் கையே பாடம் கற்றுக்கொள்கிறது. கதிர்வீச்சோ அத்தகையதன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. உடலினுள் பாயும்போது வலியுமில்லை. ஐம்புலன்களும் கைவிட்ட இடத்தில் தொழிலாளிக்குத் துணையாவன இரண்டே: அளந்து காட்டும் கருவியும், முன்னரே பெற்ற பயிற்சியும்.

பாகூர் கொம்யூனிலுள்ள கரையாம்புத்தூர் வாசிகள் இதனைத் தூரதேசத்து விஷயமென்று தள்ளிவிடலாகாது. புதுச்சேரிக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ளது கல்பாக்கம். 2003 ஜனவரி 21ந் தேதி அங்குள்ள அணு எரிபொருள் மறுபதன ஆலையில் நிகழ்ந்ததை நோக்குவோம். வால்வு ஒன்று பழுதுற்றமையால், கடுங் கதிர்வீச்சுடைய கழிவு, வீச்சுக் குறைந்த கழிவிருந்த தொட்டியில் புகுந்துவிட்டது. இதனை அறியாத ஊழியர் அறுவர் வழக்கம்போல் மாதிரி எடுக்கச் சென்றனர். எச்சரிக்கும் கருவி எதுவும் அவ்விடத்தில் இல்லை. ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பாயிருக்க, அவர்கள் ஏற்றதோ 280 முதல் 420 வரை! கருவியில்லாத இடத்தில் அநுபவசாலியும் குருடனே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பயிற்சியில்லாதவன் கதியை 2010ல் டில்லி மாயாபுரி காட்டிற்று. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட்-60 யந்திரம் ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அதைப் பிரித்தெடுத்த ஏழைத் தொழிலாளருக்கு உள்ளிருப்பது யாதென்று எடுத்துரைப்பார் இல்லை. ஒருவர் மாண்டார், வேறு பலர் ஆஸ்பத்திரியில் கிடந்து வருந்தினர்.

கற்பிக்க வேண்டிய பாடமோ மிக எளியது. கதிர் மூலத்தின் அருகே நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். தூரத்தைக் கூட்ட வேண்டும். இடையே ஈயமோ கான்கிரீட்டோ தடுப்பாக நிற்க வேண்டும். சிறிய மூலமொன்றிலிருந்து தூரம் இரு மடங்கானால், வீச்சு நாலில் ஒன்றாய்க் குறையும். இதனை அறிய பட்டம் வேண்டுவதில்லை. தொழிலாளியின் தாய்மொழியில் சொல்வார் வேண்டும்.

அபாயத்தையும் காப்பு முறைகளையும் தொழிலாளருக்குப் போதிப்பதை 2004ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் கடமையாகவே வைத்தன. ஆயினும், புரியாத பாஷையில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது போதனையாகுமா? எக்ஸ்ரே அறையில் நிற்பவனும், குழாயின் பற்றவைப்பைக் காமாக் கதிரால் சோதிப்பவனும், பழைய இரும்பை உடைப்பவனும், ஒப்பந்தக் கூலியாயினும், வேலைக்குச் செல்லும் முன்பே தமிழில் பயிற்சி பெற வேண்டும். அளவுகருவி இல்லாத இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் அவனுக்கு வேண்டும்.

இது முதலாளியோ சர்க்காரோ இடும் பிச்சையன்று. பிழைப்பை நாடிக் கிராமத்தினின்று புறப்படும் இளைஞன் தன் உழைப்பை விற்கிறானேயன்றி உயிரை விற்கவில்லை. தொழிற்சங்கத்தாரும் தேசாபிமானிகளும் இக்கோரிக்கையை முதற் கோரிக்கையாகக் கொள்வார்களாக.