தொடாமல் காத்த காடு, தொட்டுக் காத்த சதுப்பு... போலந்தின் பொட்லாஷேவுக்குப் போய் வருவோமா?

போலந்துக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் இருக்கும். தலைநகர் வார்சா, பழைய அரசர்களின் நகரமான கிராக்கோவ், இரண்டாம் உலகப் போரின் கொடூர நினைவாக நிற்கும் அவுஷ்விட்ஸ் முகாம். நாட்டின் வடகிழக்கு மூலையில், பெலாரஸ் எல்லையை ஒட்டி இருக்கும் பொட்லாஷே பகுதியைப் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

எட்டிப் பார்த்தால் கிடைப்பது ஒன்றிரண்டல்ல. நான்கு தேசியப் பூங்காக்கள், ஐரோப்பாவின் சமவெளியில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைமையான காடுகளில் ஒன்று, மரத்தால் ஆன மசூதி, ஆயிரக்கணக்கான சிலுவைகள் நட்ட மலை, 380 ஆண்டுகளைக் கடந்த யூத ஜெபக்கூடம். எல்லாமே சின்னச் சின்ன கிராமங்களுக்கு நடுவே!

இந்த ஊர்களின் கதைகளைப் படித்துக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுவது தெரியும். ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால், எப்போது கை வைக்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும்?

12-ல் இருந்து மீண்ட வம்சம்

பொட்லாஷேவின் நாயகன் ஐரோப்பிய பைசன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் காட்டுமாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால், இதற்குக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த பழுப்பு ரோமம், குளிருக்கு ஏற்ற கம்பளி உடம்பு. நன்கு வளர்ந்த காளை 800 கிலோவைத் தாண்டும். ஐரோப்பாவின் மிகப்பெரிய தரைவாழ் விலங்கு இதுதான்.

இதன் வீடு பியாவோவியெஜா காடு. முதலில் போலந்து அரசர்களும், பிறகு ரஷ்ய ஜார் மன்னர்களும் இதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். மன்னர் வேட்டையாட வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் நுழையவும், மரம் வெட்டவும் தடை இருந்தது. வேட்டை ஆசையால்தான் காடு பிழைத்தது என்பது வேடிக்கையான உண்மை.

முதல் உலகப் போர் வந்தது. காவல் போனது. படை வீரர்களும் திருட்டு வேட்டைக்காரர்களும் பைசன்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 1919-ல் பியாவோவியெஜாவின் கடைசிக் காட்டு பைசனும் கொல்லப்பட்டது. 1927-ல் காகசஸ் மலையில் இருந்த கடைசி ஒன்றும் போனது. அத்தோடு காட்டில் ஐரோப்பிய பைசன் என்று ஒன்றுகூட இல்லை.

மிருகக்காட்சி சாலைகளிலும் தனியார் வளர்ப்பிடங்களிலும் ஐம்பது சொச்சம் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றில் வம்சத்தைத் தொடர்ந்தவை வெறும் 12. இன்று உலகில் இருக்கும் ஒவ்வொரு ஐரோப்பிய பைசனும் அந்தப் பன்னிரண்டின் வாரிசுதான்.

1929-ல் பியாவோவியெஜாவில் மீண்டும் வளர்ப்பு தொடங்கியது. எது யாருக்குப் பிறந்தது என்று ஒவ்வொரு கன்றுக்கும் பெயரோடு பதிவேடு எழுதினார்கள். நடுவில் இன்னொரு உலகப் போர் வந்தும் வேலை நிற்கவில்லை. 1952-ல் முதல் பைசன்கள் காட்டுக்குள் திறந்துவிடப்பட்டன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் கணக்குப்படி, சுதந்திரமாகத் திரியும் ஐரோப்பிய பைசன்கள் 2003-ல் சுமார் 1,800. 2019-ல் 6,200-க்கும் மேல்!

ஆனாலும் கவலை தீரவில்லை. பன்னிரண்டே முன்னோர் என்பதால் மரபணு வளம் குறைவு. நோய் வந்தால் தாங்கும் சக்தியும் குறைவு. குளிர்காலத்தில் வனத்துறை இன்றும் வைக்கோல் போடுகிறது. காட்டு விலங்குதான், ஆனால் மனிதர்கள் முழுதாகக் கையை எடுத்துவிட முடியாத காட்டு விலங்கு.

செத்த மரமும் ஆயிரம் பொன்

பைசனுக்குத் தேவை பராமரிப்பு. அது வாழும் காட்டுக்கோ நேர் எதிர்.

பியாவோவியெஜா தேசியப் பூங்காவின் மையப் பகுதிக்குள் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. உள்ளே போனவர்கள் முதலில் கவனிப்பது, விழுந்து கிடக்கும் மரங்களைத்தான். நூற்றாண்டு கண்ட ஓக் மரம் சாய்ந்தால் அப்படியே கிடக்கும். யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள். பாதையில் விழுந்தால் மட்டும் நடப்பதற்கு இடம் விட்டு அறுப்பார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்போமே, இங்கே அது மரத்துக்குப் பொருந்தும். பட்டுப்போன மரத்தில் வண்டுகள் குடியேறும். வண்டைத் தேடி மரங்கொத்தி வரும். மரங்கொத்தி போட்ட பொந்தில் ஆந்தை குஞ்சு பொரிக்கும். மக்கிய கட்டையின்மேல் பூஞ்சையும் பாசியும் படரும். அதன்மேல் அடுத்த தலைமுறைக் கன்று முளைக்கும். முதுகெலும்பில்லா உயிரினங்கள் மட்டும் இந்தக் காட்டில் 12,000-க்கும் மேல் என்கிறது யுனெஸ்கோ. 1979-ல் காட்டின் போலந்துப் பகுதியை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 1992-ல் பெலாரஸ் பகுதியையும் சேர்த்துக்கொண்டது.

இந்தச் 'செத்த மரம்' ஒரு பெரிய வழக்குக்கே காரணமானது. தேசியப் பூங்கா என்பது போலந்துப் பக்கக் காட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி வனத்துறையின் கையில். அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களைப் பட்டை வண்டு தாக்கியது. மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. 2016-ல் அரசு, மரம் வெட்டும் அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்தியது. 'வண்டு பரவாமல் தடுக்க வேண்டும், காய்ந்த மரம் ஆட்கள் மேல் விழும்' என்றது. உள்ளூரிலும் இதை ஆதரித்தவர்கள் உண்டு. விறகும் மர வேலையும் அவர்களின் வாழ்க்கை.

'வண்டு வருவதும் போவதும் காட்டின் இயல்பு, காடு தானே தேறிக்கொள்ளும்' என்றார்கள் எதிர்த்த விஞ்ஞானிகள். இளைஞர்கள் மரம் வெட்டும் ராட்சத இயந்திரங்களோடு தங்களைப் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஜூலையில் இடைக்காலத் தடை. வெட்டுவது தொடர்ந்தால் நாளொன்றுக்கு குறைந்தது 1,00,000 யூரோ அபராதம் என்று நவம்பரில் எச்சரிக்கை. 2018 ஏப்ரலில், மரம் வெட்ட அனுமதித்தது ஐரோப்பியச் சட்டத்தை மீறிய செயல் என்று தீர்ப்பு வந்தது.

புல்லை வெட்டினால்தான் குருவிக்கு வீடு

'அப்படியானால் இயற்கையை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி' என்று முடிவுக்கு வருகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வடக்கே பியெப்ஜா ஆற்றுக்குப் போவோம்.

1993-ல் உருவான பியெப்ஜா தேசியப் பூங்கா, 590 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த, போலந்தின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. வசந்தத்தில் பனி உருகி ஆறு கரை தாண்டும்போது, பள்ளத்தாக்கே ஏரியாகிவிடும். நெட்டைக் கால்களோடு மூஸ் என்கிற பெரிய மான், தண்ணீரில் நின்று மேயும்.

இங்கே ஒரு வி.ஐ.பி உண்டு. கைக்குள் அடங்கும் அளவு பழுப்புக் குருவி. ஆங்கிலத்தில் அக்வாடிக் வார்ப்ளர் என்பார்கள். உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் இந்தக் குருவியின் முக்கியப் புகலிடங்களில் ஒன்று பியெப்ஜா. இதற்குத் திறந்த புல்வெளிதான் தேவை. புதர் மண்டினால் போய்விடும்.

முன்பு விவசாயிகள் மாட்டுத் தீவனத்துக்காகச் சதுப்பில் இறங்கி, நீண்ட பிடி அரிவாளால் புல் அறுத்தார்கள். தங்களுக்கே தெரியாமல் குருவிக்கு வீடு அமைத்துக் கொடுத்தார்கள். பிறகு இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், அறுப்பு நின்றது. நாணலும் புதரும் ஏறின. இப்போது, பனிச்சறுக்குத் தளங்களைச் சமன்படுத்தும் அகலச் சக்கரப் பட்டை வண்டிகளை மாற்றியமைத்து, சேற்றில் புதையாமல் புல் வெட்டுகிறார்கள். காட்டில் கையை எடுக்கச் சொன்ன அதே இயற்கை ஆர்வலர்கள், சதுப்பில் கை வைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் சரிதான்!

2020 ஏப்ரலில் பியெப்ஜாவில் பற்றிய தீ, 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியது. பனி குறைந்த குளிர்காலமும் மழை இல்லாத வசந்தமும் சதுப்பையே காய வைத்திருந்தன. வெட்டவும் காக்கவும் ஆள் இருந்தால் போதாது, தண்ணீரும் இருக்க வேண்டும்.

கட்டடம் பிழைத்தது, மக்கள்?

நாரெஃப் ஆற்றங்கரையில் டிக்கோச்சின் என்ற சிற்றூர். பக்கத்து பென்ட்டோவோவில் நாரைகளின் கூடுகள். சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரையாகப் பறவை ஆர்வலர்கள் அடையாளம் காட்டும் அதே இனம்! ஆனால், இந்த ஊர் நாரைகள் குளிர்காலத்துக்குப் போவது ஆப்பிரிக்காவுக்கு. மார்ச் கடைசியில் திரும்பி வரும். 2001-ல் பென்ட்டோவோவுக்கு 'ஐரோப்பிய நாரை கிராமம்' என்ற பட்டம் கிடைத்தது.

டிக்கோச்சினில் 1642-ல் கட்டிய யூத ஜெபக்கூடம் இருக்கிறது. உள்ளே நான்கு பக்கச் சுவர்களிலும் எபிரேய மொழிப் பிரார்த்தனைகள், ஓவியம்போல எழுதப்பட்டிருக்கின்றன. 1522-ல் அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சில யூதக் குடும்பங்கள், ஊரின் பாதியாக வளர்ந்திருந்த காலம் உண்டு.

1941 ஆகஸ்ட் 25. நாஜிப் படையினர் யூதர்களைச் சந்தைத் திடலில் கூடச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த வோபுகோவோ காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அன்றும் மறுநாளும் பலியானவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஜெபக்கூடம் கிடங்காகப் பயன்பட்டதால் பிழைத்தது. 1970-களில் சீரமைக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

பன்னிரண்டு பைசன்கள் போதும், ஒரு வம்சத்தை மீட்க. டிக்கோச்சினில் சுவர் எழுத்தை மீட்க முடிந்தது. அதைப் பார்த்துப் பிரார்த்தித்த சமூகத்தை மீட்க முடியவில்லை.

சம்பளத்துக்குப் பதில் கிராமம்

கிழக்கே, பெலாரஸ் எல்லை அருகே க்ருஷினியானி. 1679-ல் மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி, தன் படையில் இருந்த தாத்தார் முஸ்லிம் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் நிலமாகக் கொடுத்தார். அவர்களின் வாரிசுகள் இன்றும் இங்கே உண்டு. பச்சை நிற மர மசூதி, பார்வைக்கு கிராமத்துத் தேவாலயம் போலவே இருக்கும். கோபுர உச்சியில் பிறை இருப்பதுதான் வித்தியாசம். பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே பழைய கல்லறைத் தோட்டம்.

மாவை மெல்லிசாக இழுத்து, அடுக்கடுக்காக இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுருட்டிச் சுடும் 'பியெரெகாச்செவ்னிக்' தாத்தார்களின் ஸ்பெஷல். 2009-ல் இதன் செய்முறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பர்ய உணவு அங்கீகாரம் கிடைத்தது. இங்கே பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த கைப்பக்குவம்தான் பாதுகாப்பு.

தெற்கே கிராபார்க்கா மலை, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் புனிதத் தலம். 1710-ல் கொள்ளைநோய்க்குத் தப்பி இங்கே அடைக்கலம் வந்தவர்கள் சிலுவை நட்டதாகச் சொல்வார்கள். வேண்டுதலோடு சிலுவை சுமந்து வந்து நடும் வழக்கம் தொடர்ந்து, இன்று மலையே சிலுவைத் தோப்பு. 1990-ல் ஒருவர் வைத்த தீயில் மரத் தேவாலயம் எரிந்துபோனது. பக்தர்கள் அதே வடிவில் மறுபடி எழுப்பினார்கள்.

காட்டுக்கு நடுவே இரும்புச் சுவர்

இந்த அழகுக்கு நடுவே ஒரு வலியும் ஓடுகிறது. 2021-ல் இராக், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் இருந்து வந்தவர்கள், பெலாரஸ் வழியாகப் போலந்துக்குள் நுழைய முயன்றார்கள். பெலாரஸ் வேண்டுமென்றே அவர்களை அனுப்புவதாகப் போலந்து குற்றம்சாட்டியது. இரு பக்கமும் விரட்டப்பட்டு, காட்டிலும் சதுப்பிலும் குளிரில் இறந்துபோனவர்கள் உண்டு. எல்லையோர வீடுகள் சிலவற்றில் இரவில் பச்சை விளக்கு எரிந்தது. 'இங்கே சாப்பாடும் உதவியும் கிடைக்கும்' என்பது அதன் பொருள்.

2022-ல் 186 கி.மீ நீளத்துக்கு, ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுந்தது. அது பியாவோவியெஜா காட்டின் நடுவிலும் போகிறது. பெலாரஸ் பக்கம் சோவியத் காலத்திலேயே ஒரு வேலி இருந்ததால், பைசன் கூட்டங்கள் ஏற்கெனவே பிரிந்துதான் கிடந்தன. புதிய சுவரால் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனத்தின் நடமாட்டமும் முடங்கும் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். யுனெஸ்கோ ஒரே காடாகப் பார்ப்பதை, நாடுகள் இரண்டாகப் பார்க்கின்றன.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். செலவுக்குப் போலந்து நாணயமான ஸ்வோட்டி.

* வார்சாவிலிருந்து பொட்லாஷேவின் பெரிய நகரமான பியாவிஸ்டோக்குக்கு ரயில் உண்டு. எஸ்பெரான்டோ மொழியை உருவாக்கிய சாமென்ஹாஃப் 1859-ல் பிறந்த ஊர் இது. கிராமங்களுக்குப் பேருந்து குறைவு; வாடகைக் கார் நல்லது.

* வெள்ளமும் பறவைகளும் பார்க்க ஏப்ரல், மே. நாரைகளுக்கு ஆகஸ்ட் வரை நேரம். காட்டு பைசன்களைத் திறந்தவெளியில் பார்க்க குளிர்காலம். குழந்தைகளோடு போனால், பியாவோவியெஜாவில் பைசன்களைப் பக்கத்தில் காட்டும் அடைப்பிடமும் உண்டு.

* நாரெஃப் தேசியப் பூங்காவில் வானியெவோவுக்கும் ஷ்லிவ்னோவுக்கும் இடையே மரப்பாலம். நடுநடுவே ஆறு குறுக்கிடும் இடங்களில், மிதக்கும் மேடையில் ஏறி, நீங்களே சங்கிலியை இழுத்துத்தான் அக்கரை சேர வேண்டும். பிள்ளைகள் விட மாட்டார்கள்!

* உண்ணி கடித்தால் மூளைக்காய்ச்சல் வரக்கூடிய பகுதி. முழுக்கால் உடை அணியுங்கள். தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* எல்லையோரம் அவ்வப்போது நுழைவுத் தடை இருக்கும். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

* காட்டுக்குள் வழிகாட்டி காட்டும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். அங்கே மக்கிக் கிடக்கும் கட்டை, இன்னொரு உயிரின் வீடாக இருக்கும்.