கல்லில் நின்ற ஏவல்

ஆங்கிலக் கவிதை மட்டக்களப்பு நாட்டிற்குப் புதியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947) ‘ஆங்கிலவாணி’ என்னும் கட்டுரையால் ஆங்கிலப் புலவர் பலரைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகஞ் செய்தார். அந்நெறியிலே நின்று, ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ என்னும் பதினான்கடிப் பாட்டினைத் தமிழிலக்கணக் கண்கொண்டு நோக்க விழைகின்றேன்.

பாட்டின் செய்தி சிறிது. வழிப்போக்கன் ஒருவன் தான் பாலைநிலத்திற் கண்டதைப் புலவனுக்கு உரைக்கின்றான். உடலற்ற இரு கற்கால்கள், மணலிற் பாதி புதைந்த முகம், பீடத்திலே மன்னனது வாசகம், சுற்றிலும் வெறுமணல். ஓசிமாண்டியாஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயராகும்.

இதனை நிலையாமைப் பாட்டென்று கூறி அமைவார் பலர். நிலையாமை கற்பதற்குப் புறநானூற்றுக் காஞ்சித்திணையும் நாலடியாரும் நமக்குப் போதும். ஷெல்லி செய்த புதுமை, அதிகாரத்தின் மொழியை ஆராய்ந்தமையே என்பது என் துணிபு.

பீடத்து வாசகத்தை நோக்குக. சோழர் மெய்க்கீர்த்தி மன்னன் புகழைப் படர்க்கையிற் பாடும். இவனோ தன்மையிடத்தில் நின்று தானே தன்னை அரசர்க்கரசன் என்கின்றான். தொடர்ந்து வருவன இரண்டு ஏவல் வினைகள். தன் ஆக்கங்களை நோக்கி மனமுடையுமாறு உலகின் வலியோரை அவன் ஏவுகின்றான். அவ்வாக்கங்கள் இன்று இல்லை. ஏவல் மட்டும் நிற்கின்றது. எழுத்தொன்றும் மாறவில்லை, பொருளோ தலைகீழாயிற்று. ‘என்னை ஒப்பார் இலர்’ என்பது அன்றைய பொருள். ‘உம் செல்வமும் இவ்வாறே முடியும்’ என்பது இன்றைய பொருள். மன்னனைப் புலவன் ஒரு சொல்லாலும் வையவில்லை. மன்னன் சொல்லையே வெறுமணலின் நடுவே நிறுத்தி அமைந்தான்.

மற்றொரு நுட்பம் சிற்பியைப் பற்றியது. சிற்பியின் கைத்தொழிலைக் குறிக்கப் புலவன் ஆண்ட வினைச்சொல், போலச் செய்தலையும் எள்ளி நகையாடலையும் ஒருங்கே உணர்த்தும். நம் நூலோர் இதனை இரட்டுறமொழிதல் என்பர். மொழிபெயர்ப்போர் ஈண்டு ஒன்றைப் பேணி மற்றொன்றை இழக்க நேரும். ‘நகல்’ என்னுஞ் சொல் இவ்விடர் தீர்க்குமென எண்ணுகின்றேன். நகுதல் என்னும் பொருளில் வள்ளுவர் அதனை ஆண்டார். அரபு வழி வந்த ‘நகல்’, படியெடுத்தலைக் குறிக்கின்றது. மன்னன் முகத்தைச் சிற்பி நகல் செய்தான் எனின், கற்றோர்க்கு இரண்டும் தோன்றும்.

இவ்விரு பொருளும் வெறும் அணியன்று. பாட்டு 1818 ஜனவரியில் ‘எக்ஸாமினர்’ இதழிலே புனைபெயரில் வெளிவந்தது. அவ்விதழாசிரியர் லீ ஹண்ட், ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த இளவரசரை இழித்தெழுதினார் என்று 1813 முதல் 1815 வரை சிறையிருந்தவர். விசாரணையின்றிச் சிறைவைத்தலைத் தடுக்கும் சட்டக் காப்பினை 1817இல் பாராளுமன்றம் இடைநிறுத்தியது. அரசனுக்குப் பணிந்து உளி பிடித்தவன், அவன் கொடுமையையும் கல்லிலே பதித்துவிட்டான். அச்சிற்பியிடம் ஷெல்லி தன் தொழிலையே கண்டான் போலும்.

இனி, நம் வாவிக்கரைக்கு வருவோம். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1795இல் புகுந்தனர். மூவரும் போயினர். ஆயினும் அங்கே வெறுமணல் எஞ்சவில்லை. அதே மதில்களுக்குள்ளே பின்னர்க் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. ஓர் அதிகாரம் அழிந்தபின் வெளி எஞ்சும் என்பது கவிதை. அடுத்த அதிகாரம் அங்கே குடிபுகும் என்பது வரலாறு.

ஆகவே, கொடுங்கோல் தானே மண்ணாகும் என்னும் ஆறுதலோடு இப்பாடத்தை முடித்தல் போதாது. பேசுபவர் யார், ஏவப்படுவோர் யார், சொல்லாது விடப்பட்டது யாது என வினவ ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குதல் வேண்டும். பீடத்து வாசகத்தை அவ்வாறு படித்தவன், தன் ஊர்ச் சுவரில் ஒட்டப்படும் அறிவித்தலையும் அவ்வாறே படிப்பான்.